சிவேமா போட்ட சிவப்புக் குறி

சிவேமா பயந்தவள். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். "பயப்படாம இருக்க நான் என்ன மந்திரியா?" என்று திருப்பிக் கேட்பாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இரண்டு முறை அடித்து ஓயவிட்டு மூன்றாவது முறைதான் எடுப்பாள். யாராவது காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால், அவன் மின்சார மீட்டர் பார்க்க வந்தவனாகவே இருந்தாலும், அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள்.

இப்படிப்பட்டவளைத்தான் எங்கள் மிகொரோஷினியில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ம்ஜும்பே ஆக்கினார்கள். தாருஸ்ஸலாமில் பத்து வீட்டுக்கு ஒரு ம்ஜும்பே உண்டு. புதிதாகக் குடிவந்தவன் பெயரை நோட்டில் எழுதுவது, பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது எல்லாம் ம்ஜும்பேயின் வேலை. முன்பு இருந்த ஆள் பெரிய தைரியசாலி. அவருடைய தைரியத்தில் மூன்று பேருக்குத் தலையில் தையல் விழுந்தது. தைரியசாலியை வைத்துப் பார்த்தாகிவிட்டது, இனி பயந்தவளை வைத்துப் பார்ப்போம் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் யாரும் அவளை மாற்ற நினைக்கவில்லை.

கிசராவே பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினேழு வயதில் ஒரு கொத்தனாரைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவன் சலூமு. நல்ல வேலைக்காரன், நல்ல புருஷன் என்று சொல்ல முடியாது. ஒரு அறை, பின்னால் இன்னொரு சின்ன அறை, ஒரு சமையல் கொட்டகை என்று கட்டிக் கூரைத் தகரத்துக்கு நீலப் பெயிண்டும் அடித்துக் கொடுத்துவிட்டு, மொரோகோரோவுக்கு வேலைக்குப் போனவன் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். ஒரே மகள் டாங்காவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். காலையில் குழிச்சட்டியில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி விதும்புவா சுட்டு விற்பதுதான் சிவேமாவின் பிழைப்பு. சொத்து என்றால் அந்த நீலக் கூரைதான். அது போய்விட்டால் எங்கே படுப்பது என்பதற்கு அவளிடம் பதில் கிடையாது. மற்ற பயங்கள் எல்லாம் அந்த ஒரு பயத்தின் பிள்ளைகள் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் எங்களைப் போலவே ஒரு குடியிருப்பு இருந்தது. முதலில் சில பேர் வந்து வீடுகளை எண்ணிவிட்டுப் போனார்கள். பிறகு வேறு சில பேர் வந்து சுவர்களில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் ஒரு நம்பரும் எழுதினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் இயந்திரங்கள் வந்தன. நாங்கள் இக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்குள் அங்கே ஊர் இல்லை.

அங்கிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவர் கொண்டோ. மீன் ஏலத்தில் கூடை தூக்குகிறவர், அறுபது தாண்டியவர். அவரும் மனைவி ஹவிஜாவாவும் சிவேமா வீட்டுக்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், மண்சுவர் வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். கூரைத் தகரம் வாங்க மட்டும் ஒன்றரை வருஷம் பிடித்தது. "அங்க தகரத்தக்கூட எடுக்க விடல, தங்கச்சி. மெசின் அப்படியே மேல ஏறிடுச்சு. பதினெட்டுத் தகரம். சப்பாத்தி மாதிரி ஆயிடுச்சு" என்று அவர் எப்போதும் சொல்வார். வீடு போனதைவிட அந்தப் பதினெட்டுத் தகரம்தான் அவருக்கு ஆறவில்லை.

போன மழைக்காலத்தில் ஆறு மிகொரோஷினிக்குள் வந்தது. சந்துக் கடைசியில் தாபு என்று ஒரு அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சிவேமாதான் மீட்புப் படகுக்குப் போன் போட்டாள். எந்த ரோடு என்று கேட்டார்கள். ரோடு இல்லைங்க, சந்து. சந்துக்கு என்ன பேர்? பேர் இல்லைங்க. மசூதிக்குப் பின்னாடி, கரிக்கடைக்கு இடது பக்கம். எந்த மசூதி? பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் காசு தீர்ந்துபோனது. படகு வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தாபு மிதந்துகொண்டிருந்தாள். பத்து வீட்டு நோட்டில் அவள் பெயருக்கு நேரே கோடு போட சிவேமாவுக்கு ஒரு மாதம் ஆனது.

அதனால்தான், அனாயெலி என்ற பெண் வார்டு அதிகாரியின் கடிதத்தோடு வந்து நின்றபோது, சிவேமா உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளவில்லை. அனாயெலி பல்கலைக்கழகத்தில் நில அளவை படிக்கிறவள், மோஷி பக்கத்து மலைக்காரி. சின்னதாக ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டு மேலிருந்து படம் எடுப்போம், அந்தப் படத்தை வைத்து நீங்களே உங்கள் சந்துக்கெல்லாம் பெயர் எழுதலாம், தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது என்று பார்த்து வடிகால் வெட்டலாம் என்றாள்.

"படகுக்காரனுக்கு எங்க சந்து தெரியுமா?" என்று சிவேமா கேட்டாள்.

"தெரியும்மா. வீடு வீடா தெரியும்."

"அப்படின்னா பறக்கவிடு மகளே."

பத்து வீட்டையும் கூட்டி அவளே பேசினாள். கொண்டோ வரவில்லை. ஹவிஜாவா ஒரு சாவுக்குக் கிசராவே போயிருந்தாள், அவர் விடியும் முன்பே மீன் சந்தைக்குப் போய்விடுகிறவர். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று சிவேமா விட்டுவிட்டாள்.

பறப்பதற்கு முந்தின நாள் தரையில் ஏழு இடத்தில் அடையாளம் போடவேண்டும் என்றாள் அனாயெலி. மேலிருந்து எடுக்கும் படம் கோணலாகிவிடாமல் பிடித்து வைப்பதற்கு. "ரெண்டு கோடு, குறுக்கால வெட்டிக்கணும். வெட்டற புள்ளிதாம்மா முக்கியம், அதத்தான் படத்துல தேடுவோம்." ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் கொண்டுவந்திருந்தாள்.

சிவேமா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "எங்க மண்ணே வெளுத்துக் கெடக்கு. இதுல வெள்ளையப் போட்டா யாருக்குத் தெரியும்? சாயங்காலத்துக்குள்ள தூசி மூடிடும்." நேரே பெம்பாத் தீவுக்காரர் கடைக்குப் போய் டப்பாவைக் கொடுத்துக் கூரைக்கு அடிக்கும் சிவப்பு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"நல்ல யோசனைம்மா! எங்களுக்குத் தோணவே இல்ல" என்றாள் அனாயெலி. தன் யோசனையைப் படித்தவள் ஒருத்தி பாராட்டியது சிவேமாவின் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. தூரிகையை யாரிடமும் கொடுக்கவில்லை. காங்காத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏழு குறியையும் தன் கையாலேயே போட்டாள். ஏழாவது, கொண்டோ வீட்டு வாசலில் இருந்த சிமெண்ட் பலகையில். அந்தச் சந்தில் வானம் தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

இதை எங்கள் ஊர்க்காரி எப்படிக் கவனிக்காமல் விட்டாள் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். அக்கரையில் போட்டது சுவரில், நெஞ்சு உயரத்தில், நம்பரோடு. இவள் போட்டது தரையில். அவள் அன்றைக்குச் சந்தோஷத்தில் வேறு இருந்தாள். பயந்தவள் ஒரு நாள் பயப்பட மறந்தாள், அவ்வளவுதான்.

நினைவுபடுத்தினவள் கரிக்கடை ம்வாந்துமு. அவள் வாய்க்கு மிகொரோஷினியில் வரியே போடலாம்.

"என்ன ம்ஜும்பே, பெயிண்டர் வேலைக்கும் கெளம்பியாச்சா?"

"படம் எடுக்கறதுக்கு அடையாளம் போட்டேன். கூட்டத்துல சொன்னேன்ல."

"சொன்னே, சொன்னே. அக்கரையில செவுத்துல போட்டாங்க, இங்க தரையிலயே போட்டாச்சு. செவுத்த இடிச்சப்புறமும் குறி அழியாம இருக்கும் பாரு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிவேமாவும் சிரித்தாள். அப்புறம் திரும்பிச் சந்தைப் பார்த்தாள். சிவப்பு. குறுக்கே இரண்டு கோடு.

சாயங்காலத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, அக்கரையிலும் முதலில் எண்ணத்தான் வந்தார்கள் என்றாள். இன்னொருத்தி, தன் மச்சான் வார்டு அலுவலகத்தில் கேட்டானாம், மழைக்கு முன்பே முடித்துவிடுவார்களாம் என்றாள். எதை முடிப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிவேமா போனபோது பேச்சு நின்றது. பன்னிரண்டு வருஷத்தில் அவளைப் பார்த்து யாரும் பேச்சை நிறுத்தியதில்லை. அதுதான் அவளை ரொம்பவே பயமுறுத்தியது.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அனாயெலிக்குப் போன் போட்டாள்.

"மகளே, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. இந்தப் படத்த வெச்சு எங்க வீட்ட இடிப்பாங்களா?"

"ஐயோ, அதுக்கு இல்லம்மா இது. வடிகாலுக்குத்தான்."

"நீ எடுக்கறது அதுக்கு இல்ல. சரி. எடுத்தப்புறம் படம் யாருகிட்ட இருக்கும்?"

"எல்லாரும் பாக்கலாம். உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும். அலுவலகத்துலயும் இருக்கும்."

"அலுவலகத்துல இருக்கறவங்க அத எதுக்கு வேணா வெச்சுக்கலாமா?"

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா. அவங்க எதுக்கு வெச்சுப்பாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றாள் அனாயெலி.

நல்ல பெண்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்றே சிவேமாவுக்குத் தோன்றியது. எதிர்வீட்டுக்குப் போய்க் கொண்டோவிடம் பேசிவிடவேண்டும் என்று இரண்டு முறை எழுந்தாள். தனக்கே நம்பிக்கை இல்லாததை அவரிடம் எப்படிச் சொல்வது? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மறுபடியும் படுத்தாள்.

காலையில் அவளை எழுப்பியது ஆணி பிடுங்கும் சத்தம்.

வெளியே ஓடிவந்து பார்த்தால், கொண்டோ தன் வீட்டுக் கூரைமேல் இருக்கிறார். வெள்ளைத் தொப்பி, கையில் கடப்பாரை. பாதித் தகரம் ஏற்கெனவே இறங்கி, சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்தது. பாத்திரம், பாய், கட்டில் எல்லாம் சந்தில் கிடந்தன.

"கொண்டோ அண்ணே! என்ன பண்றீங்க? எறங்குங்க!"

"இரு தங்கச்சி, வெயில் ஏர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

"அது இடிக்கறதுக்கு இல்லண்ணே. படம் எடுக்க. நான் போட்டது, என் கையால போட்டது!"

அவர் கடப்பாரையை நிறுத்தினார். கோபம் இல்லை முகத்தில், இரக்கம்தான் இருந்தது. "நீ போட்டேன்னு தெரியும். ம்வாந்துமு சொன்னா. அங்கயும் அப்படித்தாம்மா. எங்க ம்ஜும்பேதான் பெயிண்ட் டப்பாவத் தூக்கிட்டு அவங்க கூட வந்தான். அளக்கறதுக்குன்னுதான் அவன்கிட்டயும் சொல்லியிருந்தாங்க. பாவம், அவன் வீடும்தான் போச்சு."

"இந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லண்ணே."

"இருக்காது. அந்தப் பொண்ணுக்கு மேல எத்தன பேரு?"

நேற்றுப் போனில் சிவேமா கேட்டதும் அதேதானே.

"அங்க பதினெட்டுத் தகரம் போச்சு. இங்க ஒண்ணுகூட விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆணிக்குப் போனார். சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தன் தன் மெத்தையை வெளியே இழுத்துப் போட்டான். ம்வாந்துமுகூட வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் வாய் மூடியிருப்பதைப் பார்த்துக் குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

சிவேமா கையில் போன் இருந்தது. ஒரு அழைப்பு போதும், அனாயெலி பறக்கவிடமாட்டாள். ஆனால் பறப்பதற்கான அனுமதி அன்றைக்கு மத்தியானம் வரைதான். விட்டால் மழைக்கு முன் இன்னொன்று கிடைக்காது, தாபுவைத் தேடிவந்த படகைப்போல இன்னொரு படகும் மசூதி மசூதியாகச் சுற்றும். அது ஒரு காரணம். அதைத்தான் அவள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள். இன்னொரு காரணமும் இருந்தது. இப்போது நிறுத்தினால், பார்த்தாயா, இவளுக்கு எல்லாம் தெரியும் என்று சந்து முழுக்கச் சொல்லும். அந்தப் பயம்தான் விரலைப் பிடித்துக்கொண்டது. அவள் போன் போடவில்லை.

ஒன்பது மணிக்குச் சத்தம் கேட்டது. பெரிய குளவி ஒன்று தகரக் குவளைக்குள் மாட்டிக்கொண்டதுபோல ஒரு இரைச்சல். எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். வெள்ளையாக ஒரு சின்னது மேலே வந்து, நின்று, நேர்கோட்டில் போய், திரும்பி வந்தது. கூரை இல்லாத வீட்டின் சுவர்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபடி கொண்டோவும் அண்ணாந்து பார்த்தார். மடியில் கடைசித் தகரம் இருந்தது.

இயந்திரம் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மெத்தைக்காரன் மெத்தையை உள்ளே இழுத்துக்கொண்டான். ம்வாந்துமுவுக்கு வாய் திரும்பிவிட்டது. "கொண்டோ வீட்டுல நட்சத்திரம் எண்ணலாம், காசே வேணாம்" என்றாள். கொண்டோவும் சிரித்தார். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தகரத்தை ஏற்றிவிடுவதாகச் சொன்னார். கூரையின் சில மரங்கள் கறையான் அரித்து முறிந்திருந்தன, அவற்றை மட்டும் மாற்றவேண்டும்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மாசிகாப் பெருமழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்த நேரம். கூரை இல்லாத மண்சுவர் எவ்வளவு நேரம் நிற்கும்? மத்தியானம் ஆற்றுப்பக்கத்துச் சுவர் உட்கார்ந்தது. மாலையில் மற்றவையும். ஹவிஜாவா கிசராவேயிலிருந்து ஈரப் பையோடு வந்து இறங்கி, தன் வீட்டு வாசலில் நின்று, வீட்டைத் தேடினாள். சிவப்புக் குறி போட்ட சிமெண்ட் பலகை மட்டும் கழுவிவிட்டதுபோலப் பளபளவென்று இருந்தது.

சிவேமா இருவரையும் தன் பின்னறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவர்கள் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொண்டோ காலையில் "நல்லா தூங்கினியா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டுச் சந்தைக்குப் போவார். ஹவிஜாவா மாவு அரைத்துக் கொடுப்பாள். திட்டியிருந்தால் சிவேமாவுக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும். இது தன் கையால் ஆனது என்று அவளுக்குத் தெரியும். மழை விட்டதும் வீட்டைத் திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள், எப்படி என்று தெரியாமலேயே.

ஐந்து வாரம் கழித்து அனாயெலி படத்தோடு வந்தாள். விளம்பரப் பலகை அளவுக்குப் பெரிய துணியில் அச்சடித்திருந்தது. பள்ளிக்கூடத்துத் தரையில் விரித்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் மண்டியிட்டு அவரவர் கூரையைத் தேடினார்கள். ஒரே கூச்சல். "இது எங்க வீடு! கொடியில காயறது என் பாவாடை!" என்று ம்வாந்துமு கத்தினாள். கூரைகளின்மேல் பெயர் எழுதினார்கள். சந்துகளுக்குப் பெயர் வைத்தார்கள். சிவேமாவின் சந்துக்குத் தாபு சந்து என்று வைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

கொண்டோ வெகுநேரம் தேடினார். கடைசியில் அனாயெலியே காட்டினாள். நாலு பழுப்புக் கோடு, அதற்குள் வெறும் தரை. பக்கத்தில் பளிச்சென்று அடுக்கிய தகரம். சுவரின்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது என் தொப்பி" என்றார் கொண்டோ. "நான் இருக்கேன். வீடுதான் இல்ல."

அடுத்து வார்டு அதிகாரி எழுந்து வடிகால் விஷயம் பேசினார். நாலு தப்படி அகலத்தில் மேட்டிலிருந்து ஆற்றுவரைக்கும் வெட்டப் போகிறோம், மழை முடிந்ததும் வேலை ஆரம்பம், ஒரே ஒரு வீடுகூட இடிக்காமல் வழி கண்டுபிடித்திருக்கிறோம் என்றார். பிறகு கைதட்டல் கூரையைத் தூக்கிவிட்டது. அனாயெலி முகமெல்லாம் சிரிப்பாக மண்டியிட்டு, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். காலி மனை, சந்து, குப்பை மேடு, மறுபடியும் சந்து. தாபு சந்துக்கு வந்தது. சந்து ஒரு ஆள் அகலம்தான், வடிகாலுக்குப் போதாது. பென்சில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, அங்கிருந்த வெறும் தரைமேல் ஏறி, வெள்ளைப் புள்ளியைக் கடந்து ஆற்றுக்குப் போய்விட்டது.

யாரும் கவனிக்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆறு வாரமாகத் தூங்காதவர்கள், தங்கள் கூரை தப்பியது என்று தெரிந்தால் தட்டத்தான் செய்வார்கள். கொண்டோ கோட்டைப் பார்த்தார், பிறகு சிவேமாவைப் பார்த்தார். அவள்தானே ம்ஜும்பே. பேசுவாள் என்று காத்திருந்தார்.

சிவேமா இன்னொன்றையும் பார்த்துவிட்டாள். சந்துக்கு இடப்பக்கம் இல்லையென்றால் வலப்பக்கம். வலப்பக்கம் நீலக் கூரை. இவளைத் தவிர வேறு யாருக்கும் அது இன்னும் தெரியவில்லை. சும்மா இருந்தால் போதும், எதுவும் செய்யவேண்டாம். பயந்தவளுக்கு இதைவிடச் சுலபமான வேலை எதுவும் இல்லை.

"மகளே, அங்க ஒரு வீடு இருக்கு" என்றாள்.

அனாயெலி நிமிர்ந்தாள். "எங்கம்மா?"

"இந்தத் தொப்பிக்குக் கீழ. கொண்டோ வீடு. என் நோட்டுல இருக்கு."

"படத்துல இல்லையே."

"நீ எடுத்தன்னிக்குக் காலையிலதான் அவரு பிரிச்சாரு. நான் போட்ட குறியப் பாத்துப் பயந்து பிரிச்சாரு."

கைதட்டல் நின்றுவிட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப அங்க வீடு நிக்குதா?"

"இல்ல."

"அப்ப காலி மனைதானே?"

"அந்த ரெண்டு பேரும் என் பின்னறையில இருக்காங்க. தகரம் என் கொட்டகையில இருக்கு. மழை விட்டா கட்டுவாங்க. அது காலி மனை இல்ல."

"சரி" என்றார் அதிகாரி. "அங்க போகக்கூடாதுன்னா கோட்ட வேற எங்க தள்றது? நீங்களே சொல்லுங்க." சுற்றிலும் பார்த்தார்.

பென்சில் படத்தின்மேல் தயங்கி நின்றது. அப்போதுதான் ஒவ்வொரு கையாக நீண்டது. முதலில் ம்வாந்துமுவின் கரி படிந்த கை, அவள் கூரைமேல் அழுந்தியது. பிறகு மெத்தைக்காரனின் கை. பிறகு எல்லோருடையதும். தாபு சந்தைச் சுற்றிக் கூரையே தெரியவில்லை, வெறும் கைகள்தான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கொண்டோ தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

சிவேமா குனிந்து பார்த்தாள். அவளுடைய கையும் நீலக் கூரையின்மேல் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் கையை எடுக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் எண்ணவில்லை. விரல் விரலாகத்தான் எடுத்தாள். ஹவிஜாவா அவள் தோளைப் பிடித்து "வேண்டாம்மா, வேண்டாம்" என்று அழுதாள்.

"இப்படிப் போடு மகளே" என்றாள் சிவேமா.

அனாயெலி போடவில்லை. அதிகாரிதான் பேனாவைத் திறந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய வீடு, என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். பத்து வீட்டுக்கும் எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தவள், அதே முறையில் பதில் சொன்னாள்.

"சிவேமா பின்தி பாசி. ரெண்டு அறை, ஒரு சமையல் கொட்டகை. நீலத் தகரம், இருபத்திரண்டு."